செங்கல் சூளைக்காரர் கட்டிய ஓலைக் கோயில்



போன வெள்ளிக்கிழமை சாயரட்சை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுத்துக்கிட்டு இருந்தேன். வழக்கமா வர்ற ஒரு அக்கா கேட்டாங்க: "ஏன் தம்பி, மண்டபத்துல சாரம் கட்டி எத்தனை மாசம் ஆச்சு? காண்ட்ராக்டர் காசை வாங்கிக்கிட்டு ஏமாத்திட்டானா?" பக்கத்தில் நின்ற ரெண்டு மூணு பேரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க. எனக்கு அப்போ வாய் வரல. "விசாரிக்கிறோம் அக்கா"ன்னு சுண்டலை நீட்டிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. கட்டட வேலையில் உள்ளூர் காண்ட்ராக்டர் ஒருவர் நிமிர்வதும் சாய்வதும் எதனால்? இந்தக் கேள்விக்கு நம்ம கோயில் வரலாற்றிலேயே பதில் இருக்கு. அதைத்தான் எழுதியிருக்கேன். கொஞ்சம் நீளம். எம்ஆர்டியில் போகும்போது படிங்க.

சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டுமானக் குத்தகையாளர் யார் தெரியுமா? பெயர் நம்ம எல்லாருக்கும் தெரிந்ததுதான். சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலைத் தொடங்கிய நாராயண பிள்ளை. கோயில் கட்டினவர் என்று கும்பிடுகிறோம். அவர் காண்ட்ராக்டர் என்பதை அதிகம் பேசுவதில்லை.

1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாவது முறையாக சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கிலிருந்து 'இந்தியானா' கப்பலில் அவரோடு வந்தவர் பிள்ளை. அரசாங்கக் கருவூலத்தில் வெள்ளி நாணயங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அந்தக் காலத்துப் பேச்சில் சொன்னால் கிராணி உத்தியோகம். அதில் நீண்ட நாள் இருக்கவில்லை. ஊர் வளரப்போகுது, வீடு கட்ட ஆள் வேணும், கல் வேணும் என்று கணக்குப் போட்டார். பினாங்கில் இருந்த தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதி கொத்தனார், தச்சர், துணி வியாபாரிகளை வரவழைத்தார். தஞ்சோங் பகார் பக்கம் செங்கல் சூளை போட்டார். இந்த ஊரின் முதல் செங்கல் சூளை அது.

அவர் செய்ததைக் கவனிங்க. முதலில் ஆள். அடுத்து கல். ரெண்டும் கையில் வந்த பிறகுதான் கட்டட வேலையை ஏற்றார். அவர் சாந்துக் கரண்டி பிடித்து வளர்ந்தவர் இல்லை, நாணயம் எண்ணினவர். நல்ல கொத்தனார் எல்லாரும் நல்ல காண்ட்ராக்டர் ஆகிவிட முடியாது. இன்றைக்கும் திறமையான மேஸ்திரி எத்தனையோ பேர் சொந்தக் கம்பெனி தொடங்கி ரெண்டு வருஷத்தில் மூடுவதைப் பார்க்கிறோம். அவர்களுக்கு வேலை தெரியும், ஆனால் எந்த மாசம் எவ்வளவு பணம் உள்ளே வரும், எவ்வளவு வெளியே போகும் என்ற கணக்கு பிடிபடாது.

அதுக்காகக் கணக்குத் தெரிந்தவர் விழமாட்டார் என்று இல்லை. பிள்ளையே விழுந்தார்.

கட்டட வேலையோடு கிராஸ் ஸ்ட்ரீட்டில் துணிக்கடையும் வைத்திருந்தார். ஐரோப்பிய வியாபாரிகளிடம் கடனுக்குச் சரக்கு எடுத்து விற்பது. 1822-இல் தீ விபத்து, கடை போச்சு. கடன் மட்டும் அப்படியே நின்றது. அந்தக் காலத்தில் காப்புறுதி எல்லாம் ஏது? கடன்காரர்களிடம் அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள். அதே ஆண்டு திரும்பி வந்த ராஃபிள்ஸ் நிலைமையைக் கேள்விப்பட்டு, இப்போது ராஃபிள்ஸ் பிளேஸ் என்று நாம் சொல்லும் கமர்ஷியல் ஸ்குவேரில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். பிள்ளை மறுபடி எழுந்தார்.

அவர் எழுந்ததற்குத் திறமை மட்டும் காரணமில்லை. கடன் கொடுத்தவர்கள் அன்றைக்கே கழுத்தைப் பிடித்திருந்தால் கதை 1822-லேயே முடிந்திருக்கும். இந்தத் தொழிலில் அவகாசம் ஒரு மூலதனம். கிடைத்தவர் பிழைக்கிறார்.

சட்டதிட்டம் எப்படி ஒருத்தரைத் தூக்கும், அதே கையால் எப்படி இறக்கும் என்பதற்கும் பிள்ளைதான் சாட்சி. 1822 நவம்பரில் ராஃபிள்ஸ் நகரத் திட்டக் குழு அமைத்தார். அதிலிருந்து வந்ததுதான் ஜாக்சன் திட்டம் என்று சொல்கிற வரைபடம். வீடுகளைச் செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டவேண்டும், முன்னால் நடைபாதை விடவேண்டும் என்று விதி வந்தது. சூளை வைத்திருப்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியுமா? ஆனால் அதே வரைபடம்தான் அவருடைய கோயில் இடத்தையும் பறித்தது. முதலில் தெலுக் ஆயர் ஸ்ட்ரீட்டில் கொடுத்த இடத்தில் நல்ல தண்ணீர் இல்லை. அபிஷேகத்துக்குத் தண்ணீர் இல்லாமல் கோயில் எப்படி? அடுத்து 1821-இல் ரெசிடென்ட் ஃபார்குவார், இப்போதைய ஸ்டாம்ஃபோர்ட் கால்வாய்ப் பக்கம் ஓர் இடம் கொடுத்தார். புதிய திட்டத்தில் அந்தப் பகுதி வேறு காரியத்துக்குப் போய்விட்டது. கிரேத்தா ஆயர் பக்கம் ஓர் இடம் வரைபடத்தில் இந்துக் கோயிலுக்கு என்று குறிக்கப்பட்டது, அது கைக்கு வரவேயில்லை. கடைசியில் 1823-இல்தான் சவுத் பிரிட்ஜ் ரோடு.

நாலு வருஷம், நாலு இடம். இன்றைக்கு அனுமதிக்காகக் காத்திருக்கும் காண்ட்ராக்டரைப் பார்த்து "இன்னும் ஏன் ஆரம்பிக்கல?" என்று கேட்கிறோமே, அப்போது இதை நினைச்சுக்குங்க.

1827-இல் கோயில் எழுந்தது. மரமும் அத்தாப்பு ஓலையும் வைத்து! இதுதான் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்த விஷயம். ஊரின் முதல் செங்கல் சூளை போட்டவர், ஊருக்கு முதல் இந்தியக் காண்ட்ராக்டர், அம்மனுக்கு ஏன் ஓலைக் கொட்டகை? பக்திக் குறைவா? நிச்சயமா இல்லை. சொந்த வீடு கட்டுவது மாதிரி இல்லையே கோயில். பொதுக் காரியம், கூலித் தொழிலாளிகள் போடுகிற காசு. தீயில் கடை எரிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருக்கு. கையில் இருந்ததற்குத் தக்கபடி தொடங்கினார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இப்போது நாம் பார்க்கும் செங்கல் கட்டடத்தின் மிகப் பழைய பகுதிகள் 1843-ஐச் சேர்ந்தவை என்று சொல்வார்கள். அதாவது இன்னும் 16 வருஷம். கோபுரம் 1903-இல் வந்தது, இன்றைய கோபுரம் 1925-இல். 2023 பிப்ரவரி 12 குடமுழுக்குக்கு வரிசையில் நின்ற நம்மில் எத்தனை பேர் அந்த ஓலையை நினைத்தோம்?

பிள்ளைக்குப் பிறகு அந்தத் தொழில் நம்மவர்கள் கையில் ஏன் பெரிதாக வளரவில்லை என்ற கேள்வி வரும். ஒரு முக்கியக் காரணம், அரசாங்கமே பெரிய காண்ட்ராக்டராக மாறியது. 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சென்னைப் பக்கத்தவர்களும் வங்காளத்தவர்களும். பிறகு இந்தியாவிலிருந்தே கப்பல் கப்பலாக. கோல்மன் பொதுப்பணிப் பொறுப்பில் இருந்த 1830-களில் சாலை போடவும் சதுப்பு நிலத்தைத் தூர்க்கவும் இவர்களைத்தான் இறக்கினார். 1856-இல் அடிக்கல் நாட்டி 1861-இல் முதல் வழிபாடு நடந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இவர்கள் கட்டியது. 1867-இலிருந்து 1869 வரை எழுந்த கவர்னர் மாளிகை, அதாவது இன்றைய இஸ்தானா, அதிலும் இவர்கள் கை இருக்கு. சிராங்கூன் ரோட்டில் கைதிகளின் செங்கல் களம் இருந்தது. அங்கே அறுத்த கல் 1867 ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் வாங்கியது.

கூலி கொடுக்க வேண்டாத ஆள் படை, சொந்தச் செங்கல் களம். எதிரில் கூலி கொடுத்து, கல் வாங்கி, கடனுக்கு வட்டி கட்டும் தனியார் காண்ட்ராக்டர். போட்டி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க. இன்னொரு பக்கம், விடுதலையான கைதிகள் ஊரிலேயே தங்கி, கற்ற கொத்து வேலையை, தச்சு வேலையை வைத்துப் பிழைத்தார்கள். மாரியம்மன் கோயில் வேலையிலும் முன்னாள் கைதிகள் கை வைத்திருக்கலாம் என்று நம்பப்படுகிறது. அரசாங்கம் வேலையைப் பிடுங்கியது, ஆனால் ஆளைப் பழக்கியும் கொடுத்தது. 1873-இல் அந்தக் கைதிச் சிறை கலைக்கப்பட்டது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை, பொறுத்துக்கங்க. செயின்ட் ஆண்ட்ரூஸ் சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம் மூன்றையும் அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்திருக்கிறார்கள். மதராஸ் சுண்ணம். காய்ந்த பிறகு தேய்த்தால் சலவைக்கல் மாதிரி மின்னும். நம்ம ஊர் வீடுகளில் பூசிய அதே சாந்து. சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலை பழையவர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொல்வார்களே, அந்தப் பெயரும் சுண்ணாம்புச் சூளைகளிலிருந்து வந்ததுதான். என் பாட்டி கடைசி வரை அப்படித்தான் சொன்னாங்க.

மலேசியா பக்கம் பார்த்தாலும் இதே பாதை தெரியுது. பத்துமலை முருகனை 1891-இல் நமக்குக் கொடுத்த தம்புசாமி பிள்ளையும் கருவூலத்தில் கிராணியாக இருந்தவர். சிலாங்கூர் ரயில் பாதை வேலைக்கு ஆள் எடுக்க இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அதன் பிறகுதான் குத்தகை, ஈயச் சுரங்கம் எல்லாம். பணக் கணக்கு முதலில், ஆள் அடுத்து, வேலை மூன்றாவது. நாராயண பிள்ளையின் வரிசை மாறவே இல்லை.

பொருள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நூறு வருஷம் பின்னால் போக வேண்டாம். 2007 தொடக்கத்தில் இந்தோனேசியா சிங்கப்பூருக்கு மணல் ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கா? பழைய விலையில் ஒப்பந்தம் கையெழுத்துப் போட்ட காண்ட்ராக்டர்கள் முழித்தார்கள். அரசாங்கம் சேமிப்பு மணலை எடுத்துவிட்டது. அரசாங்க வேலைகளில் விலை ஏற்றத்தில் ஒரு பங்கைத் தானே ஏற்றது. தனியார் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, வேலை கொடுத்தவர் மனசு வைத்தால் உண்டு. 2020-இல் கொவிட் வந்தபோது கதை ஆள் பக்கம் திரும்பியது. தொழிலாளர் தங்குவிடுதிகள் முடக்கம், வேலைத்தளங்கள் மூடல். மணல் இருந்தது, சிமெண்ட் இருந்தது, தூக்க ஆள் இல்லை. பெரிய கம்பெனிகள் தாங்கின. சின்னவர்களில் பலர் அதிலிருந்து முழுசாக எழவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கிய விஷயம் இது எதுவும் இல்லை. பில்.

ஒரு கணக்குச் சொல்றேன். கற்பனைக் கணக்குதான், ஆனால் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்க. கோயில் வேலை மூன்று லட்சம் வெள்ளி, ஆறு மாதம். மாதம் 50,000 வெள்ளி வேலை. அதில் ஆள் கூலி, லெவி, சாமான் என்று காண்ட்ராக்டருக்கு 45,000 செலவு. முதல் மாதக் கடைசியில் பில் வைக்கிறார். சிங்கப்பூரில் 2005 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டுமானப் பணப் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லுக்கு 21 நாளுக்குள் பதில் சொல்லணும், அதன் பிறகு 35 நாளுக்குள் பணம் தரணும். ரெண்டையும் சேர்த்தால் 56 நாள். நாம் சட்டப்படி ஒழுங்காக நடந்தாலே, அவர் கையில் முதல் காசு விழுவது மூன்றாவது மாதக் கடைசியில். அதற்குள் அவர் பையிலிருந்து 1,35,000 வெள்ளி போயிருக்கும். வருகிற 50,000-இலும் பத்து விழுக்காட்டை ரிடென்ஷன் என்று நாம் பிடித்து வைப்போம். 5,000 போக 45,000. அவர் செலவு எவ்வளவு? அதே 45,000. ஆக ஆரம்ப மாதங்களில் அவருடைய லாபம் முழுசும் நம்ம பெட்டியில் கிடக்குது. வேலை முடிந்து, குறை எதுவும் இல்லை என்று காலக்கெடு தாண்டிய பிறகுதான் பாக்கி அவருக்கு.

இது எல்லாம் ஒழுங்காக நடந்தால்! நாம் ஒரு மாதம் தாமதித்தால் அவர் இன்னும் 45,000 புரட்டணும். சின்னக் காண்ட்ராக்டருக்கு வங்கி அவ்வளவு சுலபமாகக் கொடுக்காது. சாமான் கடைக்காரர் கடனை நிறுத்துவார். சம்பளம் தாமதமானால் நல்ல கொத்தனார் முதலில் போவார், ஏன்னா அவருக்குத்தான் வேறு இடத்தில் வேலை கிடைக்கும். தங்குகிறவர்களை வைத்து ஓட்டும்போது தரம் குறையும். தரம் குறைந்தால் நாம் பில்லை நிறுத்துவோம். நாம் நிறுத்தினால் மறுபடி சம்பளம் தாமதம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு "காண்ட்ராக்டர் சரியில்லை" என்பது மட்டும்தான் தெரியும்.

"எனக்கு மேலே இருப்பவர் கொடுத்தால்தான் உனக்குக் கொடுப்பேன்" என்று எழுதி வைக்கிற வழக்கம் ஒன்று இருந்தது. அந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்று அந்தச் சட்டம் சொல்லுது. மலேசியாவிலும் 2012-இல் இயற்றி 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டம் அதையே சொல்லுது. ரெண்டு நாடும் தனித்தனியாகச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு அந்த வியாதி பரவியிருந்தது. சட்டம் இருந்தும் என்ன, கோயிலை எதிர்த்துப் புகார் கொடுக்க எந்த நம்ம ஊர் காண்ட்ராக்டருக்கு மனசு வரும்? "அம்மன் காசு, வரும்போது வரட்டும்"னு இருந்துடுவாங்க. நாமும் அதை நம்பி இருந்துடுறோம்.

இப்போ நான் சொல்லப்போவது என் தப்பையும் சேர்த்துத்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் நம்ம கோயிலில் மடப்பள்ளியைப் புதுப்பித்தோம். கட்டடத் துணைக்குழுவில் நானும் இருந்தேன். உள்ளூர்க்காரர், சின்னக் கம்பெனி, பதினோரு ஆள் வைத்திருந்தார். பெயர் வேண்டாம். பாதி வேலை நடக்கும்போது வாசலைக் கிழக்குப் பக்கம் மாற்றச் சொன்னோம். ஓர் உபயதாரர் கருங்கல் மேடை தருகிறேன் என்றார், அதற்காக ஏற்கனவே கட்டிய திண்டை இடிக்கச் சொன்னோம். எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு தாளில் எழுதி கையெழுத்துப் போட்டோமா என்றால் இல்லை. அவரும் "அம்மன் காரியம்ண்ணே"ன்னு செய்து கொடுத்தார். பிறகு நவராத்திரி வந்தது. பிறகு ஆண்டுப் பொதுக்கூட்டம், நிர்வாகம் மாறியது. புது நிர்வாகம் பழைய பில்லில் கையெழுத்துப் போடத் தயங்கியது. இடித்துக் கட்டிய வேலைக்கு எங்கே எழுத்து என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதிலும் தப்பில்லை. நான் எழுந்து "நாங்கதான் சொன்னோம்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. புதுசா வந்தவங்களோடு எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.

நாலு மாசம் போச்சு. ஆட்கள் ஒவ்வொருத்தரா வேற இடத்துக்குப் போனாங்க. வேலை நின்றது. "காண்ட்ராக்டர் ஓடிட்டான்"னு கோயில் முழுக்கப் பேச்சு. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் என்று ஒரு வரி இருந்தது, அதையும் போட்டார்கள். வேறு ஆளை வைத்து முடித்தோம், கூடுதல் காசுக்கு. அவர் கம்பெனியை மூடிட்டார்.

போன தைப்பூசத்தன்று அன்னதான வரிசையில் அவரைப் பார்த்தேன். இப்போ ஒரு பெரிய கம்பெனியில் தள மேற்பார்வையாளராக இருக்கிறாராம். "பரவாயில்லண்ணே, மாசம் பொறந்தா சம்பளம்"ன்னார். தட்டில் சோறு வாங்கிக்கிட்டு நகரும்போது சிரிச்சுக்கிட்டே கேட்டார்: "அந்த ஏழாம் நம்பர் பில் இன்னும் ஃபைல்ல இருக்காண்ணே?"

இருக்கு. மறுநாளே தேடி எடுத்தேன். வாசல் மாற்றிய கணக்கும் திண்டு இடித்த கணக்கும் ஒரே பக்கத்தில், அவர் கையெழுத்தில்.

வெள்ளிக்கிழமை கேட்ட அக்காவுக்கு இப்போ பதில் சொல்றேன். மண்டப வேலை நிற்பதற்குக் காரணம் காண்ட்ராக்டர் ஏமாற்றியது இல்லை. கொடிமரத்துக்குப் பக்கத்தில் தூண் இருக்கும் இடத்தை நாம் ரெண்டு முறை மாற்றினோம், வரைபடம் மறுபடி அனுமதிக்குப் போயிருக்கு. அதோடு அவருடைய ரெண்டு பில் நம்மிடம் நிற்குது, ஒன்றுக்கு 56 நாள் தாண்டிடுச்சு.

வரும் ஞாயிறு காலை அபிஷேகம் முடிந்து பத்தரை மணிக்கு மேல்மாடியில் உறுப்பினர் கூட்டம். அந்த ரெண்டு பில்லும், பழைய ஏழாம் நம்பர் பில்லும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி செயலாளரிடம் எழுத்தில் கொடுத்துட்டேன். பழைய பில்லைப் பற்றி யாராவது "யார் சொல்லி இடிச்சாங்க?"னு கேட்டால், இந்தத் தடவை நான் எழுந்திருப்பேன். உறுப்பினர்கள் அவசியம் வாங்க. காலைச் சிற்றுண்டி உண்டு.